இரண்டு இழுப்பறை

"எந்தத் தெருப்பா?" என்று கேட்கும்போதே தெய்வசிகாமணியின் கை, மேசையின் இரண்டு இழுப்பறைகளுக்கும் நடுவில் வந்து நிற்கும். பதில் வந்ததும் நகரும். ஊருக்குள் தெரு என்றால் வலது. காலனி என்றால் இடது. வந்தவனின் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

எங்கள் மில் பட்டறைக்கு அவர்தான் போர்மேன். அப்ரண்டிஸ் எடுக்க அவர் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்று: ஒரு துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். வலது இழுப்பறையில் இருப்பது சாதாரண இரும்பு. இடதில் இருப்பது உருக்கு. அவரே உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, அரம் ஏறாதபடி இறுக்கி வைத்தது. இரண்டையும் ஒரே மாதிரி பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். எந்தக் கொம்பனாலும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஸ்டோரில் அரம் கொடுத்து வாங்குகிற எனக்கே, சில அரங்கள் பல் மழுங்கித் திரும்பி வந்ததால்தான் சங்கதி புரிந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அவரு சீனியர்பா" என்றார். அதோடு சரி.

போர்மேனின் சட்டைப்பையில் மூன்று பேனா. அதில் ஒன்றும் எழுதாது. அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் சேவகராம், அந்தப் பெருமையில் பேச்சுக்குப் பேச்சு "எகாலித்தே!" என்பார். சமத்துவமாம். "இரும்புக்கு ஜாதி தெரியுமாய்யா? என்னாண்ட எல்லாரும் ஒண்ணுதான்." இரும்பையே ஜாதி பிரித்து வைத்த மகானுபாவர் பேசுகிற பேச்சு இது! கை கொப்பளித்து நிற்கிறவனின் தோளைத் தட்டி, "ஒனக்கு இந்த வேல வணங்கலப்பா. வேற எதனா பாரு" என்பார். அந்தப் பரிவைத்தான் என்னால் சகிக்கவே முடியாது.

ஐ.டி.ஐ. முடித்த அம்மாவாசை, காலனிக்காரன், இரண்டு முறை அப்படித் தோள் தட்டி அனுப்பப்பட்டவன். வயது வரம்புப்படி எண்பத்திரண்டாம் வருஷம்தான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

அந்த வருஷம் பார்த்து, தொழிலாளர் துறையிலிருந்து செல்வாம்பாள் என்கிற அதிகாரி பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தார். காலனியிலிருந்து ஒருத்தன்கூட ஏன் தேறவில்லை என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள்.

"துண்டு எதுக்குங்க ரெண்டு எடத்துல?"

"எல்லாம் ஒண்ணுதான் மேடம். எடம் பத்தல."

"அப்பிடியா?" இரண்டு இழுப்பறையையும் உருவி மேசைமேல் கொட்டிக் கலந்தார். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்கப்பா."

தெய்வசிகாமணிக்கு எகாலித்தே மறந்துபோயிற்று.

அரங்கள் ஓடத் தொடங்கின. அம்மாவாசையின் துண்டைக் கவ்வியிருந்த வைஸுக்குக் கீழே இரும்புத்தூள் கொட்டியது. அவன் கையை நிறுத்தித் தூளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிப் போர்மேனைப் பார்த்தான். மறுபடி ராவத் தொடங்கினான்.

அடுத்த வைஸில் கிறீச்சென்று சத்தம். போர்மேனின் அக்கா மகன் பலராமன்.

"மாமா, அரம் புடிக்கவே மாட்டுது! வழுக்கிக்கினு போவுது!"

"மேடம், பையனுக்குக் காலைலேர்ந்து ஒடம்பு சரியில்ல. வேற துண்டு குடுக்கலாங்களா?"

"துண்டுல என்னாங்க இருக்கு? எல்லாம் ஒண்ணுதான்னு இப்பதான சொன்னீங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"அப்ப நீங்களே ராவிக் காட்டுங்க. தம்பி பாத்துக் கத்துக்கட்டும்."

அரத்தை வாங்கினார் தெய்வசிகாமணி. அவர் காய்ச்சிய உருக்கு, அவர் கையாலேயே இறுக்கியது. கிறீச், கிறீச். சட்டை முதுகோடு ஒட்டியது. துண்டில் ஒரு கோடு விழவில்லை.

அதற்குள் அம்மாவாசை தன் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதிகாரி மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடுக்கில் துளி வெளிச்சம் வரவில்லை. "வர்ற திங்கக்கெழம வேலைக்கு வந்துடுப்பா" என்றார்.

போர்மேன் தலை நிமிரவில்லை. ராவிக்கொண்டே இருந்தார்.