கலைச்செல்வி ஊதிய மெத்தைகள்

என் மருமகள் கலைச்செல்வியைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெண் அவள். பன்னிரண்டாவது வரை படித்தவள். என் மகன் விநாயகத்தைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்ததும் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போனாள். அந்தத் தூசியில் இருந்தாளோ என்னவோ, இருமல் பிடித்தது. டி.பி. என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நோய் போய்விட்டது, ஆனால் மூச்சு மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூசி ஆகாது, மூச்சு முட்டுகிற வேலை எதுவும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அதனால்தான் இராமச்சந்திரனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கோட்டை மலைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மலை ஏற வருகிற சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறான். பெருக்க வேண்டும், டீ போட வேண்டும், கூடாரத்தில் படுக்கை விரிக்க வேண்டும், சுலபமான வேலை என்றான். படுக்கை என்றால் பாயா, ஜமக்காளமா? காற்றடைக்கிற மெத்தை. சுருட்டினால் ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். ஊதினால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். சரி, யார் ஊதுவது?

முதலில் சைக்கிள் பம்பு கொண்டு வந்தான். அதன் வாய் மெத்தையின் வாய்க்குள் நிற்கவில்லை. துணி சுற்றிப் பிடித்தும் பாதிக் காற்று வெளியே போனது. கைதான் வலித்ததே தவிர மெத்தை தோசை மாதிரித் தட்டையாகவே கிடந்தது. பிறகு பேட்டரி பம்பு ஒன்று வாங்கி, அதை மழையில் போட்டுக் கெடுத்துவிட்டான். அதற்கப்புறம், "வாயால ஊது கலை, பலூன் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் ஒரு நாளாவது ஊதிப் பார்த்தானா?

சனிக்கிழமைகளில் உதடு வெளுத்து வீட்டுக்கு வந்து அப்படியே சுருண்டு படுப்பாள். "விட்டுத் தொலைடி அந்த வேலைய" என்பேன்.

"வேற எவன் அத்தை என்னைக் கூப்ட்டு வேல குடுப்பான்? திரும்ப மில்லுக்கா போவச் சொல்றீங்க?"

உடனே என் மகனைத் திட்டுவேன். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

இதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மெத்தையில் நாற்றம் வருகிறது என்று யாரோ சொன்னார்களாம். வந்தவர்கள் அத்தனை பேர் எதிரிலும் இராமச்சந்திரன் இவளிடம், "வாய் கொப்புளிச்சிட்டு ஊதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? உன் வாய் நாத்தம்தான் உள்ள பூந்து கெடக்குது" என்றிருக்கிறான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், வாயில் ஒரு பிடி வைக்கவில்லை. ஊதச் சொன்னவன் அவன். போனது அவள் மூச்சு. நாற்றமும் அவளுடையதா?

அடுத்த சனிக்கிழமை அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே தோப்புக்குப் போனேன். அவனை நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. சென்னையிலிருந்து வந்திருந்த பாரதி என்ற பெண் என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஆயா, இதுல ஏன் சாப்பாடு வெச்சிருக்கீங்க?"

"பையில வெக்காம, தலையிலயா வெப்பாங்க?"

"இது பை இல்ல ஆயா. மெத்தைக்குக் காத்தடிக்கிறது!"

மெத்தைகளோடு வந்த வழுவழுப்பான பை அது. வெறும் உறை என்று நினைத்து இராமச்சந்திரன் ஒன்றை விநாயகத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்றதிலெல்லாம் கூடார ஆணியைப் போட்டுவைத்திருந்தான். என் மகன் அதில் ரேஷன் அரிசி வாங்கி வந்தான். அடியில் இருந்த குழாய் வழியாக வழியெல்லாம் அரிசி கொட்டியது. ஓட்டைப் பையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கத்திவிட்டு, அந்தக் குழாயைச் சணலால் இறுக்கிக் கட்டினான்.

பாரதி சணலை அவிழ்த்தாள். குழாயை மெத்தையின் வாயில் செருகினாள். பையின் மேல்வாயைக் காற்றுக்கு எதிராக விரித்துப் பிடித்தாள். பை ஒரு நொடியில் உப்பியது. வாயை முறுக்கி மேலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து அமுக்கினாள். மெத்தை எழுந்தது. இன்னும் ரெண்டு மூன்று தரம் செய்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. காற்றில்லாத நாளில் பையின் வாயை அகல விரித்து, முகத்தை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஊது ஊதினால் போதுமாம். சுற்றியிருக்கிற காற்றும் சேர்ந்து உள்ளே போய்விடுமாம். வாயை ஒட்டி ஊதினால் யார் ஊதினாலும் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் அதுதான் என்றும் சொன்னாள்.

கலைச்செல்வி ஒரு மெத்தைக்குக் காற்று அடைத்துப் பார்த்தாள். மூச்சு வாங்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இத்தனை நாளாக ஆணி மூட்டையில் கிடந்திருக்கிறது!

இராமச்சந்திரன் வந்து பார்த்தான். "அட, நல்லதாப் போச்சு. சீக்கிரம் அடிச்சு முடி கலை, பொழுது போவுது."

அவள் பையைக் கீழே வைத்தாள். "மொதல்ல அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க அண்ணே."

"எந்த வார்த்த?"

"என் வாயப் பத்திச் சொன்னது. அன்னிக்கி எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. இன்னிக்கும் ஆளுங்க இருக்காங்க."

"இன்னா கலை இது? டென்ஷன்ல ஏதோ வந்துடுச்சி. முடியாதுன்னா கெளம்பு. ஆளா கெடைக்காது?"

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து, "நீங்க உக்காருங்க அத்தை" என்றாள். வேலை போனால் மில்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பையைத் தொடவில்லை.

அவனே எடுத்தான். காற்றைப் பார்த்து நின்றுகொண்டு, பையின் வாயைத் தன் பக்கம் வைத்து விரித்தான். பை அவன் முகத்தில் அப்பியது. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். திருப்பிப் பிடித்து நிரப்பினான். வாயை முறுக்காமலே அமுக்கியதில் அடைத்த காற்றெல்லாம் மேலே ஓடிவிட்டது. மறுபடியும் அப்படியே செய்தான். ஒரு பிள்ளை, "அண்ணா, நாங்க தரையிலயே படுத்துக்கறோம்" என்றான்.

கடைசியில் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு, "சரி, உன் வாய் மேல தப்பில்ல. போதுமா?" என்றான்.

"மரத்துகிட்ட ஏண்ணே சொல்றீங்க?"

அவள் பக்கம் திரும்பி, தெளிவாக இன்னொரு தரம் சொன்னான். அதற்கப்புறம்தான் அவள் பையை வாங்கினாள்.

இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். எந்த மெத்தையிலும் வாய் வைப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் "சாப்டியா ஆயா?" என்று அவன் கேட்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். "அதான் சொல்லிட்டாரே, விடுங்க அத்தை" என்கிறாள் கலைச்செல்வி. அவளிடம் சொன்னான், அவள் விட்டாள். என்னிடம் என்ன சொன்னான்? ராத்திரியெல்லாம் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நான் விடவில்லை.