ஏழு எண்ணும் வரை

வலது புறங்கையை அடுப்பின் ரொட்டி அறைக்குள் நீட்டி, உதடு அசைய எண்ணுகிறார் மலாக்கி கில்ஹூலி. நாலிலேயே சுட்டால் ரொட்டியின் அடி கருகும். பத்து வரை தாங்கினால் நடு வேகாது. ஏழில் கையை இழுத்துக்கொள்ள வேண்டி வந்தால் அதுதான் சரியான சூடு. கதவிலேயே வெப்பமானி ஒன்று பதித்திருக்கிறது. அதன் முள் பல வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. "அது பொய் சொல்லும், கை சொல்லாது" என்பார்.

ஐம்பத்து நாலு வயது ஒண்டிக்கட்டை. அயர்லாந்தில், லீட்ரிம் மாவட்டத்து ஈர நிலத்தில் பதினொரு பசுக்களும், சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பும் அவருடைய குடும்பம். முகப்பில் பாலாடை நிறப் பூச்சு, மேலே கன்னங்கரேலென்று தட்டு, குறுக்கே துணி உலர்த்த ஒரு கம்பி. சமையல், வெந்நீர், குளிருக்குச் சூடு, நனைந்த காலுறை, குளிரில் துவண்ட கன்றுக்குட்டி எல்லாவற்றுக்கும் அதுவே கதி. சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகு போல எரியும் மண்கட்டிகளை விழுங்கிக்கொண்டு இரவு பகலாக எரியும்.

விடிந்ததும் தணலைக் குலுக்கிச் சாம்பலை இறக்கி, வாத்துச் சிறகு ஒன்றால் இடுக்கெல்லாம் பெருக்குவார். முகப்பு ஆறும் வரை ஈரத்துணி படக்கூடாது. சூட்டில் ஈரம் பட்டால் மயிரிழை விரிசல் விடும். கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவுவார், புளிப்பு பூச்சை அரிக்கும் என்று எலுமிச்சையை அந்தப் பக்கமே விடமாட்டார். மேல்தட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, பழைய காலுறையில் கருப்பு மெருகு தொட்டுப் பூசுவார். தட்டின் மேல் கெட்டிலை இழுத்தவரை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. "தூக்கி வையி, இழுக்காத! கீறல் விழுந்தா உங்க அப்பனா வந்து தேய்ப்பான்?"

கவலைப்படுவதில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. சந்தைக்கு மாடு ஏற்றிக்கொண்டு போனால், வாசல் கேட்டைத் தாண்டியதும் அடுப்பின் காற்றுத் தகட்டை மூடினோமா என்று சந்தேகம் வந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவருவார். மூடித்தான் இருக்கும். "மலாக்கி ரெண்டு தடவை கிளம்புவான், மாடு ஒரு தடவைதான் கிளம்பும்" என்று பக்கத்துப் பண்ணை டீலியா சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வசந்தத்தில் வீட்டுப் பூசை முறை வந்தது. ஒன்பது வீடுகள் முறைவைத்து, வருஷத்துக்கு இரண்டு பூசை. சாமியார் வீடு தேடி வந்து சமையலறை மேசையிலேயே பூசை வைப்பார். முடிந்ததும் அந்த வீட்டு அடுப்பில் வெந்த ரொட்டியை ஊரே உட்கார்ந்து சாப்பிடும். போன முறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் அக்கா அட்ராக்டா. அவள் போன இலையுதிர் காலத்தில், ஐம்பத்தெட்டு வயதில், மனைவியை இழந்த ஒரு மளிகைக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். புதிதாக வந்திருந்த ஃபாதர் டார்சி தன்மையாகத்தான் சொன்னார்: "தனி ஆளா கஷ்டப்படாதீங்க மலாக்கி. முடியலைன்னா ஊர்க் கூடத்துல வச்சுக்கலாம்."

மலாக்கிக்கு அது சுருக்கென்று தைத்தது. கூடத்துக்குப் போன பூசை வீட்டுக்குத் திரும்பாது. ஆண்பிள்ளை ஒருவன் தனியாக இருக்கும் வீடு, அடுப்பு சரியில்லை, ரொட்டி இல்லை என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் அந்த வீடு முறையிலிருந்து கழன்றுவிடும். பயத்தில் மனுஷருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, உருளைக்கிழங்கும் இறங்கவில்லை.

அந்தப் பயம்தான் அவரைத் தப்புப் பண்ண வைத்தது. மெருகு புதுசாக மின்ன வேண்டுமென்று, பூசைக்கு முந்தின நாள் அடுப்பை அணைத்தார். புகைவழியெல்லாம் சுரண்டி, இரண்டு வாளி கரியை வெங்காயப் பாத்தியில் கொட்டினார். முகம் பார்க்கலாம் போலத் துடைத்துவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்தால் வெளியே மூடுபனி, இலை அசையவில்லை. புகைபோக்கி முழுக்கக் குளிர்ந்த காற்று தக்கை போல அடைத்து நின்றது. ஆறு மணிக்குப் பற்றவைத்தார். புகை மேலே போகாமல் ஒவ்வொரு மூட்டு வழியாகவும் அறைக்குள் வந்தது.

எட்டரைக்கு அட்ராக்டா சாண்ட்விச் தட்டோடு வந்து கதவைத் திறந்தாள்.

"டேய்! எங்கடா இருக்க?"

"இங்கதான்க்கா, அடுப்புகிட்ட."

"முந்தின நாளா அணைப்பாங்க? திங்கக்கிழமையே முடிச்சிருக்கக் கூடாது?"

"பளபளன்னு இருக்கணும்னுதான்..."

"பளபளன்னுதான் இருக்கும். பார்க்கத்தான் கண்ணு திறக்க முடியல. சரி விடு, கடை ரொட்டி வாங்கி கார்ல வச்சிருக்கேன்."

"அது கார்லயே இருக்கட்டும்" என்றார் மலாக்கி. வைத்தியம் அவருக்குத் தெரியாமலில்லை. புகைக்குழாயின் அடியில் உள்ள சிறு கதவைத் திறந்து, தாளைத் திரித்துக் கொளுத்தி உள்ளே விட்டால் குளிர்காற்று மேலே தள்ளப்பட்டு வழிவிடும். வீட்டிலிருந்த பழைய பத்திரிகைகளையெல்லாம்தான் நேற்றுத் தரையில் விரித்துக் கரியும் தண்ணீருமாக ஆக்கிவிட்டாரே. அட்ராக்டா சாண்ட்விச் தட்டைத் தூக்கினாள். அடியில் ஒரு கட்டுப் பத்திரிகை.

"காலைல மூடுபனியைப் பார்த்தேன். நீ நேத்துதான் அணைச்சிருப்பன்னு எனக்குத் தெரியாதா?"

ஏழாவது தாளில் புகைக்குழாய் உறுமியது. அறையில் மிதந்த புகை திரும்பி அடுப்புக்குள் போனது. மலாக்கி அக்காவைப் பார்க்காமல் ஜன்னல்களைத் திறக்கப் போனார், கண்ணீரைப் புகையின் கணக்கில் தள்ளிவிடலாம் என்று.

ஆனால் வார்ப்பிரும்பு அவசரத்துக்குச் சூடாகிற ஜாதி இல்லை. பூசை முடிவதற்குள் சூடு ஏறியாக வேண்டும். அதன்பின் டீயும் சாண்ட்விச்சும் ஊர்ப்பேச்சுமாக முக்கால் மணி ஓடும், ரொட்டிக்கு அது போதும். மாவும் சோடாவும் கிண்ணத்தில் காத்திருந்தன, மோர் தனியே ஜாடியில். மோர் ஊற்றியதும் சோடா பொங்கிவிடும், அப்புறம் மாவு காத்திருக்காது.

பத்து மணிக்குள் சமையலறை நிறைந்துவிட்டது. டீலியா அடுப்பின் கம்பியில் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தம்.

"அட்ராக்டா வந்து துடைச்சாளா?"

"நான் தொடவே இல்லடி" என்றாள் அட்ராக்டா. ஃபாதர் டார்சி புகை வாடைக்கு மூக்கை உறிஞ்சிவிட்டு மேசைப் பக்கம் போனார்.

எல்லோரும் மேசையைப் பார்த்து முழந்தாளிட்டார்கள். மலாக்கி கடைசி வரிசையில், அடுப்போடு ஒட்டினாற்போல். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. ரொட்டி அறைக் கதவின் கீல் கிரீச்சிடும், திறந்து பார்க்க வழியில்லை. நடுப்பூசை மணி அடித்தது. ஊரே தலைகுனிந்த அந்த நேரத்தில், மணிச் சத்தத்தோடு சத்தமாகக் கதவைத் திறந்து, பின்பக்கமாகக் கையை உள்ளே விட்டார். உதடுகள் அசைந்தன. ஓரக்கண்ணால் பார்த்த டீலியா, மனுஷன் என்ன உருக்கமாக ஜெபிக்கிறான் என்று நெகிழ்ந்துபோனாள். ஏழில் கை வெடுக்கென்று வெளியே வந்தது. சிவந்த அதே கையால் மலாக்கி சிலுவை போட்டுக்கொண்டார்.