சீட்டும் சித்தோவும்

நான் வேலை செய்யும் வீட்டு ஐயா மால்டாக்காரர். இத்தாலியின் சிசிலித் தீவில், இந்தப் பலேர்மோ நகரில், கோட்டுப் போட்டவர்களையெல்லாம் ‘தொத்தோரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். இங்கே இருக்கும் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் டாக்டர் என்றுதான் விளங்கும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழங்கால் வலிக்காரரும் சீனி வருத்தக்காரரும், “உன்ர தொத்தோரேட்டை ஒருக்கா கேட்டுச் சொல்லன்” என்று பின்னால் திரிந்தார்கள். அவர் மருந்து டாக்டர் இல்லை, காசு டாக்டர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. “காசுக்கு என்ன வருத்தம் வரும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

சிஞ்ஞோரா, அதாவது அவருடைய மனைவி, இந்த ஊரிலேயே பிறந்தவர். ஒரேத்தோ தெருவில் அவருடைய தாய்வீட்டில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். முதல் கிழமையே நான் ஒரு கூத்து நடத்திவிட்டேன். தொத்தோரே மால்டாவில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் அவர்கள் மொழியில் கதைப்பார். இடைக்கிடை ‘அல்லா’ என்பார். மன்னாரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் முஸ்லிம் ஆட்கள். அவர்கள் முறையெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே பன்றி இறைச்சியை அந்த அடுப்பில் ஏற்றவே இல்லை. கிழமை முடிவில் அவர் குசினிக்கு வந்து மிகவும் பணிவாக, தன்னுடைய சல்சீச்சாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சல்சீச்சா பன்றி இறைச்சிச் சொசேஜ். நான் காரணத்தைச் சொன்னதும் சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். மால்டாவில் கத்தோலிக்கரும் கடவுளை அல்லா என்றுதான் சொல்வார்களாம், பூசையிலும் அதே சொல்தானாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் எதைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் அதற்குப் பெயர் சல்சீச்சா.

அவருடைய உத்தியோகத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இஸ்திரிப் பெட்டியால் சேட்டு மினுக்கியபோதுதான். அந்த நாட்களில் அவர் கிழமைக்குக் கிழமை ரோமுக்குப் போய்வந்தார். விமானம் அவருக்கு ஒத்துவராது. துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஏறி, அங்கிருந்து ரயில் பிடிப்பார். நான் வெள்ளைச் சேட்டுகளை மினுக்கிப் பெட்டியில் அடுக்கும்போது பக்கத்தில் நின்று கதை சொல்வார். மால்டாவில் ஒரு வங்கியில் காசாளராகத் தொடங்கியவர். பிறகு லண்டன், லக்சம்பேர்க். பெரிய வங்கிகளின் பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. தலை நரைத்த பிறகு ரோமில் ஒரு துறவற சபை அவரைக் கூப்பிட்டது. சபைக்குப் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, வாடகைக் கட்டடம் என்று நாடு நாடாகச் சொத்து. எந்தக் காசு எங்கே நிற்கிறது என்று அங்கே ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அதை ஒழுங்குபடுத்தித் தரும்படி கேட்டார்கள்.

“கள்ளர் இருந்தவையோ?” என்று ஒருநாள் கேட்டேன். கள்ளர் இல்லை, எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் கரைச்சல் என்றார். ஒருவர் கூரை திருத்த, ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க என்று ஆளுக்கொரு கணக்கை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். அப்படிப்பட்ட கணக்குக்கு அவரும் கூட வேலை செய்தவர்களும் வைத்த பெயர் ‘சித்தோ’. இத்தாலியனில் சித்தோ என்றால் பேசாதே, வாயை மூடு என்று அர்த்தம். சிசிலிக்காரர் வாயில் அது ‘சித்து’ ஆகிவிடும். ரோமிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, “இந்தக் கிழமை இரண்டு சித்தோ பிடித்தேன்” என்பார். முகம் மீன் பிடித்து வந்தவருடையது போல இருக்கும்.

சித்தோக்களைப் பிடிக்கப் பிடிக்க அங்கே உள்ளவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. ஒரு கட்டடம் விற்றதில் அவருக்கும் ஒரு பங்கு போனதாக யாரோ கதை கட்டினார்கள். அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கதை ஒரு கூட்டத்தில் அவர் முன்னாலேயே எழுந்தபோது, வருடக்கணக்காக அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். இதை அவர் சொன்னது ஒரு வசந்த காலத்தில், குசினியில் என்னோடு உட்கார்ந்து பாவா அவரைக்காய் உரித்துக்கொண்டு இருந்தபோது. “இவரை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்” என்றார். நான் இன்னும் கொஞ்சம் காயை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ரோமுக்குப் போகவில்லை. பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது, மினுக்கச் சேட்டும் குறைந்துவிட்டது.

வீட்டில் இருக்கத் தொடங்கியவர் என் மசாலாப் போத்தல்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினார். நான் சீரகத்தைத் தேடி அலைந்தேன். நல்லவேளையாக, எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலுக்குப் புதிதாக ஒரு இளம் இத்தாலியப் பாதர் வந்தார். பங்கின் கணக்கு வழக்கைப் பார்த்துத் தர முடியுமா என்று தொத்தோரேயிடம் கேட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுக் கண்ணாடி வாங்கி, தலைமயிர் வெட்டி, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். என் போத்தல்கள் தப்பின.

எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. நான் சீட்டுப் பிடிக்கிறேன். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப் பக்கம் என்று எல்லா இடத்துப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். வேதக்காரரும் உண்டு, சைவக்காரரும் உண்டு. எல்லாரும் வீட்டு வேலை, படிக்கட்டுக் கழுவும் வேலை, முதியவர்களைப் பார்க்கும் வேலை. மாதத்தில் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பின்பக்க மண்டபத்தில் கூடுவோம். தேத்தண்ணி, ரோல்ஸ், ஒரு பிஸ்கற் டின்னுக்குள் பெயர் எழுதிய துண்டுகள். குலுக்கி எடுத்தால் அந்த மாதக் காசு ஒருத்திக்கு. வங்கிக்குப் போனால் சம்பளத் துண்டு எங்கே, இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ எங்கே என்பார்கள். எங்கள் சீட்டில் கேட்பது ஒரே கேள்வி: உனக்கு ஆர் பொறுப்பு? புது ஆள் சேர வந்தால் பழைய ஆள் ஒருத்தி எல்லாருக்கும் கேட்க, “நான் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். அவள் ஓடினால் இவள் கட்ட வேண்டும்.

சீட்டுப் பிடிப்பவளுக்குச் சொத்து அவள் பெயர் மட்டும்தான். ஒரு தடவை சீட்டு நடக்கவில்லை என்றால் போதும், காசோடு ஆள் மாறிவிட்டாள் என்பார்கள். அந்தப் பெயரைத் திருப்பிக் கட்டியெழுப்ப எனக்கு இனி வயதும் இல்லை.

தொத்தோரே பங்குக் கணக்கைப் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு மண்டபக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. எங்களில் ஒருத்தி, யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, என்னை அக்கா என்று கூப்பிடும் தங்கச்சி, பூசைக்கு வராவிட்டாலும் சீட்டுக்குத் தவறாதவள், எனக்கு முன்னமே வந்து நின்றாள்.

“அக்கா, பூட்டு மாத்தியிருக்கு. கோயில் மணி அடிக்கிறவரைக் கேட்டனான். உங்கட தொத்தோரேதானாம் பூட்டச் சொன்னவர்.”

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிறும் வேலை உள்ள ஆட்கள் முன்கூட்டியே தந்த காசு என் கைப்பைக்குள் இருந்தது.

“அப்ப இந்த மாசம் சீட்டு நடக்குமோ?” என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டதுதான் எனக்குச் சுட்டது.

“ஏன் நடக்காது? வாற ஞாயிறு நடக்கும்.”

“எங்கை?”

“சொல்லுறன்.”

எங்கே என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் போகும்போதே மிலானோவிலிருந்து என் மச்சாள் அழைத்தாள். “சீட்டு நிண்டுபோச்சாமே, உண்மையோ?” என்றாள். நிற்கவில்லை, நான் பஸ்ஸில் நிற்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பல்லரோச் சந்தையில் கூனைப்பூவும் மீனும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். தொத்தோரே சாப்பாட்டு மேசை முழுக்கப் பங்குக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பழைய ரோம் நாட்களின் முகத்தோடு இருந்தார்.

“கேளுங்கள், இந்தச் சின்னக் கோயிலிலும் ஒன்று பிடித்துவிட்டேன்” என்றார். “மணி அடிப்பவர்தான் சொன்னார். பின் மண்டபத்தில் மாதாமாதம் காசு கைமாறுகிறதாம். என்ன என்று கேட்டால் அந்தப் பெண்களே ‘சித்து’ என்றார்களாம். ஒளிவுமறைவுகூட இல்லை. இப்படி ஒன்றை நான் ரோமில்கூடப் பார்த்ததில்லை.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“தொத்தோரே, அந்தச் சித்துவைப் பிடிக்கிறது நான்தான்.”

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். சித்து இல்லை, சீட்டு. வாயை மூடுவது இல்லை, வாய் ஓயாமல் கதைத்துக் கதைத்து நடத்துவது. கோயில் காசு ஒரு சதமும் அதில் இல்லை. யார் எப்போது எடுத்தாள் என்று எல்லாருக்கும் தெரியும், மிலானோவில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியும். கோபத்தில் என் இத்தாலியன் தடுக்கித் தடுக்கி வந்தது.

“அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லுங்கள்.”

“சீட்டு.”

“சித்தோ” என்று அவர் சொல்லிப் பார்த்தார். “சீத்து.” பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். “சல்சீச்சா” என்றேன் நான். அவர் சிரிக்கத் தொடங்கினார். என்னவோ ஏதோ என்று சிஞ்ஞோரா ஓடிவந்தார். நானும் சிரித்துவிட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் புதுப் பூட்டின் திறப்பைத் தருவார் என்றுதான் நினைத்தேன். தரவில்லை. இது கோயில் காசு இல்லை, அதனால்தான் கோயில் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்றார். நாளைக்கு ஒருத்தி கட்டாமல் ஓடினால் ஆட்கள் பாதரிடம்தான் போய் நிற்பார்கள், பாதர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டார். ரோமில் பெரியவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது என்றார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப எங்கட பேர் போகட்டும் எண்டு விடுறியளோ?” என்று இத்தாலியனில் கேட்டுவிட்டு, கூனைப்பூவை வெட்டு வெட்டென்று வெட்டினேன். மத்தியானச் சாப்பாட்டில் உப்புத் தூக்கலாக இருந்தது. தொத்தோரே கரண்டிக்குக் கரண்டி தண்ணீர் குடித்தார்.

சிஞ்ஞோராதான் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: “இந்த மேசையில் பன்னிரண்டு பேர் இருக்கலாம். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு இதில் காகிதத்தைத் தவிர வேறு யார் இருந்தது?”

தொத்தோரே மேசையைப் பார்த்தார். பிறகு காகிதங்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டுப் படிக்கட்டு முழுக்கச் செருப்பும் சப்பாத்தும். மேல்மாடிக்காரர் செத்தவீடு என்று நினைத்து சிஞ்ஞோராவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். சீட்டு நடந்தது. தீவுப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. மிலானோ மச்சாளுக்கு நானே படம் எடுத்து அனுப்பினேன். அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு எல்லாச் சீட்டும் அங்கேதான். தொத்தோரே சுவரோரம் ஒரு கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொல் பேசமாட்டார், நல்ல சித்தோ. அந்தச் சீட்டு முடிந்து புதுச் சீட்டுத் தொடங்கும் நாள் வந்தபோது கதிரையை மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். தானும் சேரலாமா என்று என்னிடம் கேட்டார். நான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அவர் வீட்டில் இருந்துகொண்டு மாட்டோம் என்று யார் சொல்வது? எல்லாரும் தலையாட்டினார்கள், யாழ்ப்பாணத்துத் தங்கச்சியைத் தவிர.

“புது ஆள்தானே, அக்கா” என்றாள். “இவருக்கு ஆர் பொறுப்பு?”

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால்தான் பிழை. ஆட்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று தொத்தோரே என்னைப் பார்த்தார். நான் இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா வாய் திறக்கப் போனார். ஆனால் அவர் சீட்டில் இல்லை, அவர் சொல் செல்லாது. தொத்தோரே குனிந்து மேசையைப் பார்த்தார். இத்தனை பெரிய வங்கிகளின் காசைப் பார்த்த மனிதர், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தார்.

“நான் பொறுப்பு” என்றேன், எல்லாருக்கும் கேட்க. பிறகு அவருக்கு இத்தாலியனிலும் சொன்னேன்.

“அப்பச் சரி” என்று தங்கச்சி அவருடைய பெயரை எழுதி, துண்டை மடித்து டின்னுக்குள் போட்டாள். மற்றவர்கள் மறுபடி கதைக்கத் தொடங்கினார்கள். தொத்தோரே கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். துடைத்துக்கொண்டே தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது அல்லா என்ற ஒரு சொல்தான். நான் ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.