கார்லோ சீலனைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை

"…மற்ற எல்லாரையும் பார்த்துவிட்டேன். உங்கள் கோல்கீப்பரைப் பார்த்தேன், நல்ல மனிதர். எதிர்ப்பக்கப் பின்வரிசையைப் பார்த்தேன், அவர்களும் நல்ல மனிதர்கள். நான் பார்க்க வந்த பையனை மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை."

முழு ஆட்டமும் முடிந்து, சீலன் ஐந்தோ ஆறோ கோல் போட்டு, நாங்கள் கைதட்டிக் கை சிவந்து நின்ற நேரத்தில் கார்லோ இப்படிச் சொன்னார். இடம், டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். வருடம், எண்பத்தைந்து.

அவர் சொன்ன டெனிஷை நான்தான் தமிழாக்க வேண்டும்.

இந்தக் கதை இத்தனை வருடம் கழித்து ஏன் ஞாபகம் வந்தது? போன சனிக்கிழமை புரொண்பியில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் டிவியில் அமெரிக்கன் புட்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம்கூட இல்லை — பேச்சு. கல்லூரியில் விளையாடும் ஒரு பையனை, அடுத்து காசு கொடுத்து விளையாடவைக்கும் பெரிய அணிக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று நாலு பேர் மேசையைச் சுற்றியிருந்து கதைக்கிறார்கள். பையன் குவார்ட்டர்பாக். அதாவது நடுவில் நின்று, பந்து யாருக்குப் போகவேண்டும் என்று முடிவெடுத்து எறிகிறவன். அவன் உயரத்தை அளந்தார்கள். ஓட்டத்தை அளந்தார்கள். நம்புவீர்களோ தெரியாது… உள்ளங்கையைக்கூட அளந்தார்கள்!

"இதென்ன, கலியாணத்துக்குச் சாதகம் பாக்கிறாங்களோ?" என்றேன்.

மகள் சிரித்தாள். மருமகன் "உஷ்" என்றார்.

அப்போது அந்த நாலு பேரில் நரைத்த தலைக்காரர் ஒருவர் சொன்னார்: "அவன் எறிந்த நல்ல பந்துகளை எனக்குக் காட்டவேண்டாம். மூன்று பேர் மேலே விழ வரும்போது அவன் என்ன செய்கிறான், அதைக் காட்டுங்கள்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்லோவேதான்!

கார்லோவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் பந்து விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். வார இறுதிகளில் வேறு வேலை — யூலாந்துப் பகுதியின் பெரிய தொழில்முறைக் கிளப் ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெடியளைப் பார்ப்பார். "எடுக்கலாம்" என்று அவர் சொன்னால் கிளப் கூப்பிட்டு இரண்டு கிழமை பரீட்சித்துப் பார்க்கும். "வேண்டாம்" என்றால் அதோடு சரி.

நாங்கள் நாற்பது ஐம்பது தமிழர், அகதி வழக்கு முடிவுக்காகக் காத்துக்கொண்டு அங்கே ஒரு பழைய விடுதியில் இருந்தோம். விடுதிக்குப் பழைய சைக்கிள்கள் கொண்டுவந்து இறக்கிய ஒருநாள், முற்றத்தில் தனியே பந்து தட்டிக்கொண்டிருந்த சீலனைக் கார்லோ கண்டார். சைக்கிளை மறந்து நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "இவனை ஒரு முழு ஆட்டத்தில் பார்க்க முடியுமா?"

ஏன் என்னிடம்? டெனிஷ் தெரிந்தவன் நான் என்று பெயர். வகுப்பில் படித்ததில்லை. பஸ் தரிப்பிடத்திலும் கடை வாசலிலும் கிழவர்களைப் பிடித்துக் கதைத்துக் கதைத்துச் சேர்த்தது. இலக்கணம் கிடையாது. வாய் உண்டு.

சீலனுக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலேஜின் முதல் அணிக்கு நடுக்களத்தில் விளையாடியவன். (எங்கள் பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக்கே காலேஜ் என்றுதான் பெயர்.) கார்லோவை ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஆட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டு, அன்று பின்னேரம் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளுவான் என்று பார்த்தேன். அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, ஊரிலை எல்லாரும் என்னைச் சூரன் எண்டுதான் சொன்னவை. கொழும்பிலை தெரிவு ஆட்டத்துக்குக் கூப்பிட்டவங்கள். ரயில் ஓடேல்லை, ஊரடங்கு, போகேலாமல் போட்டுது. நான் உண்மையிலை காணுமோ காணாதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. இந்தாள் இல்லையெண்டு சொன்னாலும் பறவாயில்லை. வடிவாப் பாத்துப்போட்டுச் சொல்லட்டும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். காணுமோ என்று, அதாவது தகுதி போதுமா என்று, வடிவாக, ஒழுங்காகப் பார்க்கவேண்டும்.

நாங்கள் விட்டோமா?

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு சபாரட்ணம் அண்ணை கூட்டம் கூட்டினார். ஊரில் கூட்டுறவுக் கடை மனேஜராக இருந்தவர். எதற்கும் அவரிடம் ஒரு திட்டம் இருக்கும். சீலன் குளிக்கப் போயிருந்தான்.

"இஞ்சை பாருங்கோ," என்றார். "இது பெடியன்ரை வாழ்க்கைப் பிரச்சினை. நாளையிண்டைக்கு ஒருத்தரும் அவன்ரை காலிலை முட்டக்கூடாது."

எதிர்த்து விளையாட வருவதாக இருந்தது பக்கத்து ஊர் விடுதித் தமிழர்கள். அவர்களுடைய தலைவர் குணம் அண்ணைக்குப் போன் போட்டுச் சொன்னோம். "இதென்ன கேள்வி? உங்கடை பெடியன் எங்கடை பெடியன்தானே. விலத்திவிடுறம்," என்றார் அவர்.

எனக்குச் சின்ன உறுத்தல். "அண்ணை, கார்லோ விளையாட்டைப் பாக்க எல்லே வாறார்?" என்றேன்.

"நீ சும்மா இரு. பொம்பிளை பாக்க வந்தால், வீட்டுக்காரர் பிள்ளையின்ரை குறையைக் காட்டுறவையே? முன்னுக்குக் கொண்டந்து நிப்பாட்டி, நல்லதைத்தானே காட்டுறது."

அதற்கு மேல் யார் கதைப்பது? எங்களுக்குத் தெரிந்த 'பார்க்க வருதல்' அது ஒன்றுதான். அன்றிலிருந்து விடுதியே பெண் வீடாக மாறிவிட்டது. முற்றம் கூட்டினார்கள். சீலனின் காற்சட்டையை ஒருவர் ஸ்திரி போட்டார். சமையலுக்குப் பொறுப்பான தம்பிராசா, ரோல்ஸ் செய்து அடுக்கினான். சீலனுக்குத் தலைமயிர்கூட வெட்டிவிட்டார்கள்.

"பந்துக்கு ஏனப்பா தலைமயிர் வெட்டு?" என்றான் சீலன்.

"இரு, ஆடாதை. காதை வெட்டிப்போடுவன்."

ஞாயிற்றுக்கிழமை கார்லோ தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். கூடவே ஊர் அணியில் அவரிடம் பந்து பழகும் இரண்டு இளைஞர்கள். ஆளுக்கு ஆறடிக்கு மேல். இரண்டு பேரும் கோட்டோரம் சூயிங்கம் மென்றபடி நின்றார்கள்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பக்கம் யார் காலில் பந்து வந்தாலும் அது உடனே சீலனுக்குப் போனது. கோல்கீப்பர் தம்பிராசா பந்தைப் பிடித்தாலும் சீலனுக்கு. சீலன் முன்னேறினால் எதிரணி கல்யாண வீட்டு வாசல் போலத் திறந்து வழிவிட்டது. ஒருவர் "வா தம்பி" என்றே சொன்னார்! குணம் அண்ணை ஒருதடவை பந்தைப் பறிக்கிற மாதிரிப் பாவனை செய்து, தானாகவே விழுந்தார். நல்ல நடிப்பு. எழும்பும்போது கார்லோவைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

முதல் கோலுக்குச் சீலன் சிரித்தான். இரண்டாவதற்குக் குழம்பினான். மூன்றாவதற்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இடைவேளையில் நேராக என்னிடம் வந்தான். "ஏன் அண்ணை எல்லாரும் விலத்துறியள்?"

"நீ விளையாடு ராசா," என்றார் சபாரட்ணம் அண்ணை குறுக்கே விழுந்து.

அந்தப் பக்கம் கார்லோவைச் சுற்றி ஒரு கூட்டம். கையில் தேத்தண்ணி, மறுகையில் ரோல்ஸ். ஒருவர் என்னைத் தட்டுகிறார்: "சொல்லும், பெடியன் சிகரெட் தொடமாட்டான்." இன்னொருவர்: "நல்ல குடும்பம். தாய் ரீச்சர். அதையும் சொல்லும்." நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்லோ பொறுமையாகத் தலையாட்டினார். மிளகாய்க்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"இடது கால் எப்படி?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது பாதியும் அப்படியே போய் முடிந்தது. அப்போதுதான் அவர் சொன்னார், பார்க்க வந்த பையனை இன்னும் பார்க்கவில்லை என்று.

ஒருவர் மேல் அன்பு வைத்தவர்கள் கையில் அளவுகோலைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கோலையே வளைத்துவிடுவார்கள். இப்போது ஆற அமர இருந்து இதை எழுதுகிறேன். அன்று மைதானத்தில் எனக்கு இந்தத் தத்துவமெல்லாம் தோன்றவில்லை. சீலனின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மொழிபெயர்க்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. விளங்கிவிட்டது. குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

"கட்டச் சொல்லு," என்றார் கார்லோ.

கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினார். இரண்டு இளைஞர்களையும் விரலால் கூப்பிட்டார். அவர்கள் சூயிங்கத்தைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார்கள். மற்ற எல்லாரையும் கோட்டுக்கு வெளியே போகச் சொன்னார். "நீயும் அந்தக் குண்டுக் கோல்கீப்பரும் மட்டும் நில்லுங்கள். அவனுக்குப் பந்து கொடுக்க இரண்டு பேர் வேண்டும்."

ஆக, கோட்டைச் சபாரட்ணம் அண்ணையிடம் கொடுத்துவிட்டு நானும் களத்தில்.

முதல் பந்து. சீலன் வாங்கித் திரும்பினான் — திரும்பி முடிக்கவில்லை. ஒருவன் தோளால் இடித்தான், மற்றவன் காலைப் போட்டான். சீலன் நீளத்துக்கு விழுந்து சேற்றில் வழுக்கிக்கொண்டு போனான். கார்லோ பந்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

"அடப் பாவி!" என்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஒரு படையே புகுந்தது. குணம் அண்ணை முன்னால்.

சேற்றில் கிடந்தபடியே சீலன் போட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது: "ஒருத்தரும் கிட்ட வரப்படாது! எல்லாரும் வெளியிலை போங்கோ!"

போனார்கள். சீலன் எழும்பினான். வாயைத் துடைத்தான். சிரித்தான்… அன்று இரண்டாம் முறை.

இரண்டாவது பந்தும் பறிபோனது. மூன்றாவதும். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாற்றம். மூன்று பேரும் மேலே விழ வரும் நேரத்தில் அவன் கால் அவசரப்படவில்லை. கண் மட்டும் ஒருதடவை வெட்டும். ஒருமுறை என்னைப் பார்க்காமலே பந்தை வலப்பக்க வெறுமைக்குள் தட்டினான். பந்து புறப்பட்டபோது நான் அங்கே இல்லை. அது வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தேன்! எனக்கே தெரியாமல் என்னை ஓடவைத்துவிட்டான்.

கார்லோ இடுப்பில் கைவைத்து நின்றார். மூச்சு வாங்கியது. "போதும்," என்றார். "இப்போது பார்த்துவிட்டேன்."

அவர் சீலனின் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார், என்னைப் பார்த்து அல்ல. இவனுக்குக் கண் இருக்கிறது. இந்த வருடம் தான் பார்த்த ஒருவனுக்கும் இப்படிக் கண் இல்லை. ஆனால் திரும்ப நேரம் எடுக்கிறான். பெரிய கிளப்பில் அந்த நேரத்தை யாரும் தரமாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அதை மாற்றுவது கடினம். ஆகவே பெரிய கிளப்புக்கு இல்லை. இந்த ஊர் அணிக்கு வரலாம். முதலில் கொஞ்சக் காலம் களத்துக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் தொண்டையைச் செருமினேன். "கெட்டிக்காரனாம்… இன்னும் கொஞ்சம் பழகினால் நல்லாய் வருமாம்…"

"அண்ணை," என்றான் சீலன். "அந்தாள் 'நை', இல்லையெண்டு சொன்னது எனக்கு விளங்கினது. விடாமல் முழுசாச் சொல்லுங்கோ."

முழுதாகச் சொன்னேன். கண் இருக்கிறது என்பதை. திரும்ப நேரம் எடுக்கிறான் என்பதை. வாங்கு என்பதை.

"எங்கடை சீலன் வாங்கிலையோ?" என்று வெடித்தார் சபாரட்ணம் அண்ணை. "கண்டறியாத அணி! சைக்கிள் விக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

சீலன் புல்லில் குந்தினான். ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கினான், கீழே போட்டான். யாரும் கிட்டப் போகவில்லை.

"சரி," என்றான் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. "காணாது. ஆனால் கண் இருக்காம்." பிறகு என்னைப் பார்த்தான். "அவர் வடிவாப் பாத்திட்டார் அண்ணை."

இதற்கிடையில் கார்லோ கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, இளைஞர்களோடு வான் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய வேலை முடிந்துவிட்டது. முழங்கால் நோகிறது, நடையில் தெரிந்தது.

சீலன் எழும்பினான். பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். நானும் மொழிபெயர்க்க ஓடினேன். தேவைப்படவில்லை. அவனிடம் டெனிஷில் இருந்தது பத்துப் பன்னிரண்டு சொற்கள். அதில் ஒன்றை எடுத்தான்.

"இகென்?" என்றான். திரும்பவும்?

கார்லோ நின்றார். சேறுபடிந்த தன் காற்சட்டையைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்த மேகத்தைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மறுபடியும் என் கையில் தந்தார்.