ரோமாபுரியில் முழுகாத மகள்

சாரம் பகுதியில் குடியிருக்கும் சுப்பிரமணியன் லத்தீன் படிக்கக் கிளம்பியது அறிவுத் தாகத்தால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழுக்க முழுக்க வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டு விஜயராகவன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். காப்பி ஆறிப்போனதைக்கூடப் பிரெஞ்சில்தான் சொல்லுவார். "உன் பிரெஞ்சுக்கே ஆத்தா லத்தீன்யா!" என்று ஒருநாள் அவரிடம் வாயை விட்டுவிட்டு, அந்த வாயைக் காப்பாற்ற அறுபத்தொரு வயதில் லாஸ்பேட்டையில் மாலை வகுப்புக்குப் போனார் மனுஷர்.

பாடமெல்லாம் ரோமாபுரிக் குளியல். ஊரே சேர்ந்து குளிக்குமாம். வெந்நீருக்கு ஒரு கூடம், வெதுவெதுப்புக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு இன்னொன்று. முப்பது வருஷம் குடிநீர் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தும் சொந்தக் குழாயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் பார்த்திராதவர் உருகிப்போனார்.

மனைவி அமுதவல்லிக்கு வேறு கவலை. மகள் சுடர்விழிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை. அமுதவல்லி சுற்றாத கோயில் கிடையாது.

ஒரு ஞாயிறு காலை, சுப்பிரமணியன் போனில் வீட்டுப்பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். 'ஃபிலியா நோன் லவாத்துர்.' மகள் குளிக்கவில்லை என்று தமிழில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விடுவாரா? ரோமாபுரிக்காரன் வாளியிலா மொண்டு ஊற்றிக்கொண்டான்? தொட்டியில் இறங்கியல்லவா முழுகினான்!

"மகள் முழுகாம இருக்கா. சரிதானுங்களே மேடம்?"

லத்தீன் வகுப்பு எடுக்கும் மேடம் பிரெஞ்சுக்கார அம்மாள், அகராதியில் தமிழ் கற்றவர். மிகச் சரி என்று மெச்சினார்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அமுதவல்லி ஓடிவந்தாள். "நெசமாவா?"

"நெசந்தான். மேடமே சொல்லிட்டாங்க!"

அவளுக்குத் தெரிந்த மேடமெல்லாம் டாக்டர்தான். பத்தே நிமிஷத்தில் விஜயராகவன் வீடு, தெரு, தேங்காய்த்திட்டுச் சம்பந்தி வீடு என்று சேதி பறந்தது. பாயசத்துக்குச் சேமியா வறுபட்டது.

மதியம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் சுடர்விழி. "யாருப்பா கெளப்பி உட்டது? மாமியார் என் தலையில பூவ வெச்சிட்டு அழுவுறாங்க!"

சுப்பிரமணியனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வீட்டுப்பாட நோட்டை நீட்டினார். படித்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

"கொழந்த வேணாம்னு நானும் அவரும் முடிவு பண்ணி மூணு வருஷமாச்சுப்பா. தமிழ்ல சொல்லத் தைரியம் வரல. லத்தீன்ல எப்படிப்பா சொல்றது?"

பாவம், மூன்று வருஷமாக மகள் இதை மென்று விழுங்கியிருக்கிறாள். பழக்கதோஷத்தில் சுப்பிரமணியனின் கை நோட்டைப் புரட்டியது.

"அந்தப் பாடம் வரலம்மா. குளியலோட நிக்குது."

அமுதவல்லி பாயச டம்ளரோடு வந்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. "சூடாக் குடி கண்ணு. இனிமே ரெண்டு பேருக்குச் சேத்து சாப்பிடணும்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். சுப்பிரமணியன் நோட்டை மூடிவிட்டு, மனைவி கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"உக்காரு அமுதா," என்றார். "இத மட்டும் நான் தமிழ்லயே சொல்லணும்."