அடுத்தவர் வலை போடாத இடம்

எங்கள் ஊரில் ஏரி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஏரியின் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவருக்குச் சொந்தம். பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஏறுகிற இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. அங்கே இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஒருவருக்குப் பாடு விழுந்த நாளில் அடுத்தவன் அங்கே வலையை நனைக்கக்கூட மாட்டான். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருக்கும். ஆனாலும் முறையில் கை வைக்கமாட்டார்கள். இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி கெட்டது.

மீஞ்சூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். நைனாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா ஒருத்தியால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கல்யாணமான ஆண் எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் பாடு. நைனா படுத்த பிறகும் அவர் பாடு அவருக்கு இருந்தது. அத்தை மகன் எங்கள் வலையை எடுத்துப்போய்ப் போட்டு, கிடைத்ததில் எங்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுப்பார்.

"உங்க நைனா மூச்சு இருக்கற வரைக்கும்தான் இந்த வூட்டுக்குப் பாடு. ஆம்பளப் புள்ள இல்ல. அப்பாலிக்கா யாரு குடுப்பாங்க?" என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

"நான் கேட்டு வாங்கறேன்" என்பேன். வாங்கிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அந்தப் பாடு நாள் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்றுதான் காற்றுச் செய்தியைத் தொடங்கினேன். தினமும் விடியலில் வானிலை அறிக்கை இணையத்தில் வரும். மனிதர் படிப்பதற்கு ஒன்று, இயந்திரம் படிப்பதற்கு ஒன்று. இயந்திரத்துக்கான ஆவணம் பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி இருக்கும்: கடற்கரைக்கு ஒரு பெட்டி, அதற்குள் கடலுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று. 'ஏரிப் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கையை எடுத்து வா' என்று கேள்வி கேட்டால் எடுத்துக் கொடுக்கிற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்று, அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, இருக்கிறது. யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று விட்டது. அதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது அறிக்கையைப் பிரித்து, தமிழில் ஒரு வரியாக்கி, ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும். கோயில் மைக்கில் அதைப் படிப்பார்கள். ஏரிக்கு எச்சரிக்கை என்றால் ஒரு படகும் இறங்கக்கூடாது, இறங்கினால் தண்டம் என்று ஊரே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இறால் நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு அமாவாசை சமயத்தில் எங்கள் பாடு வந்தது. அன்று விடியலில் என் புரோகிராம் ஏரிக்குக் காற்று எச்சரிக்கை என்று அனுப்பியது. மைக்கில் படித்தார்கள். அத்தை மகன் வலையைத் திரும்ப எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து போட்டார். பொழுது ஏறியது, ஓர் இலை ஆடவில்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அறிக்கையைத் திறந்து நானே கண்ணால் படித்தேன். எச்சரிக்கை கடலுக்கு மட்டும்தான். ஏரிக்குத் தடையே இல்லை.

போன பாடு போனதுதான். அதற்கு ஈடாக வேறு நாள் தரும் வழக்கம் கிடையாது. "இன்னாமே, உம் பொட்டி நல்லா கத சொல்லுது" என்று அத்தை மகன் சிரித்தார். நைனாவுக்குப் பேச்சு குழறும். அன்று அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் கேள்வியில் தப்பு இருக்கும் என்று தேடினேன். இல்லை. தப்பு லைப்ரரிக்குள் இருந்தது. ஒரு பெட்டிக்குள் அதே பேருள்ள இன்னொரு பெட்டி வந்தால் அது குழம்பியது. உள்பெட்டி மூடியதும் வெளிப்பெட்டியும் மூடிவிட்டதாக நினைத்து, அடுத்து வந்ததை எல்லாம் இடம் மாற்றிச் சேர்த்தது. கடலின் எச்சரிக்கையை ஏரியின் தலையில் கட்டிவிட்டது இப்படித்தான்.

அந்த லைப்ரரியைப் பராமரிக்கிறவர்கள் கூடுகிற பொதுப்பக்கம் ஒன்று உண்டு. அங்கே பிழையை விளக்கி எழுதினேன். இப்படி யார் ஆவணம் எழுதுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அறிக்கையை எடுத்துக் காட்டினேன். சரி, பிழைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். 'இதை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பாடு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள் நுழையும்போதும் எந்த ஆழத்தில் நிற்கிறோம் என்பதை லைப்ரரி நினைவில் வைக்கவேண்டும். பெரிய ஆவணங்களில் அதற்காக வேகம் குறையவும் கூடாது. முதலில் எழுதியது சரியாக வேலை செய்தது, ஆனால் மந்தமாக இருந்தது. அதை என் புரோகிராமில் மட்டும் போட்டுக்கொண்டேன். ஊருக்கு அதன்பின் தப்பான செய்தி போகவில்லை. உலகத்துக்குக் கொடுப்பது நேர்த்தியாக இருக்கட்டும் என்று அழித்து அழித்து எழுதினேன். விதவிதமாகக் குழப்பும் ஆவணங்களை நானே தயாரித்து, ஒவ்வொன்றையும் கொடுத்துச் சோதித்தேன். நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து உட்கார்வேன். அவருக்குத் துணி மாற்ற எழுந்து போவேன். செய்தவரை எல்லாவற்றையும் அந்தப் பொதுப்பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஏன் ஒளிக்கவேண்டும்? என் முறை நடக்கும்போது அங்கே யார் வலை போடப்போகிறார்கள்?

போட்டான் ஒருத்தன். பராமரிப்புக் குழுவில் இருப்பவன். நான் வைத்திருந்ததை எடுத்து, மேல்பூச்சு பூசி, என் சோதனை ஆவணங்களை ஒரு புள்ளி மாறாமல் சேர்த்து, தன் பேரில் லைப்ரரிக்குள் வைத்துவிட்டான். புதிய பதிப்பின் அறிவிப்பில் அவனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நான் எடுத்துக்கொண்ட வேலை அல்லவா அது என்று கேட்டு எழுதினேன். பதில் ரொம்ப மரியாதையாக வந்தது. இங்கே யாரும் எதையும் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வதில்லை, வேலை முடிவதுதான் முக்கியம், என் ஆர்வத்துக்கு நன்றி, தொடர்ந்து பங்களிக்கவேண்டும். ஆர்வமாம்.

அத்தை மகனிடம் சொன்னேன். அவருக்கு லைப்ரரியும் தெரியாது, பெட்டியும் தெரியாது. ஆனால் விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது.

"உம் முறையில வந்து வலை வுட்டுட்டானா? இங்க எவனாவது அப்டி செய்வானா? கால ஒடச்சிருப்போம்" என்றார்.

அந்தப் பேச்சு இதமாக இருந்தது. படித்த கூட்டத்துக்கு இல்லாத நியாயம் எங்கள் ஊருக்கு இருக்கிறது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

நைனா போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து சில வாரத்தில், அடுத்த சுற்றுச் சீட்டுக் குலுக்க ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண்கள் கூட்டத்தில் உட்காரும் வழக்கம் இல்லை. நான் கோயில் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்று, எங்கள் வீட்டுப் பாடு எங்கள் வீட்டுக்கே இருக்கட்டும், அம்மா பேரில் சீட்டுப் போடுங்கள் என்று கேட்டேன்.

"ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு ஏதும்மா? வழக்கம் இல்லியே" என்றார் ஊர்த் தலைவர். "நீ இன்னா வலையா இழுக்கப்போற?"

"நைனா படுத்துனு இருந்தப்ப அவரா இழுத்தாரு?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அவரு தலைக்கட்டு" என்றார்.

அத்தை மகனைப் பார்த்தேன். இத்தனை காலமும் எங்கள் வலையை இழுத்தவர் அவர்தான். எங்கள் சீட்டு ஒன்று குறைந்தால் மற்ற எல்லாருக்கும் முறை சீக்கிரம் வரும், அவருக்கும்தான். அவர் குனிந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்தவன் முறையில் வலை போட்டால் காலை ஒடிப்பார்கள், வாஸ்தவம்தான். முறை யாருக்கு என்று முடிவுசெய்கிற இடத்தில்தான் எனக்கு ஆளில்லை.

நானும் விடவில்லை. "டெய்லி காத்து சேதி அனுப்பறேனே, அதக் கேட்டுத்தானே ஏரில இறங்கறீங்க. அது இந்த வூட்டு உழைப்பு இல்லியா?" என்றேன். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் உண்டு. அழாமல் கேட்டிருக்க வேண்டும்.

"யாரும்மா இல்லன்னாங்க?" தலைவர் எழுந்து என் பக்கம் வந்தார். அதுவரை ஒருமையில் பேசிக்கொண்டிருந்தவர் கையைக் கூப்பினார். "படிச்ச புள்ள நீங்க. கோவத்துல காத்து சேதிய மட்டும் நிறுத்திடாதீங்க. புள்ளகுட்டிக்காரனுங்க தண்ணில கிடக்கறானுங்க."

அங்கே என் ஆர்வத்துக்கு நன்றி சொன்னார்கள், இங்கே கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். நைனாவின் சீட்டு அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நிறுத்திடு" என்றாள். "கண்ணு தெரியாத கபோதி மாரி போவட்டும். நமக்கு இன்னா?" அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நிறுத்திவிடுவது என்று நானும் தீர்மானித்துத்தான் படுத்தேன். மனசில் ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது.

விடிந்ததும் கணினியைத் திறந்தேன். செய்தி போவதற்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. ஒரு வரியை அழித்தால் போதும், அது நின்றுவிடும். அதற்குமுன் அன்றைய அறிக்கையைப் படித்துத் தொலைத்தேன். கடலுக்கும் எச்சரிக்கை, ஏரிக்கும் எச்சரிக்கை. உச்சிப்பொழுதுக்குமேல் பலத்த காற்று. அன்றைக்கு யார் பாடு என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அத்தை மகனுடையது.

அந்த வரியில் நான் கை வைக்கவில்லை. செய்தி போயிற்று. மைக்கில் படித்தார்கள். அவர் வலையைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டு வழியாகவே திரும்பி நடந்தார், தலை நிமிரவில்லை. உச்சிப்பொழுதில் சொன்னபடி காற்று வந்தது. கூரைத் தகடுகள் அடித்துக்கொண்டன. ஊர்ப்படகு எல்லாம் கரையில் இருந்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மா வழக்கம்போல உலை வைத்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. நான் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்துதான் அவர்கள் அத்தனை மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள்.