கதவு திறக்கும்போதெல்லாம்

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த என் பேத்தியை மெல்பேர்ன் மருத்துவமனையில் சேர்க்கப் போனபோது காத்திருப்பு அறையில் ஒரு தாயைச் சந்தித்தேன். நோபல் பார்க் புறநகரிலிருந்து வந்தவர். மெலிந்த உருவம். உள்ளே இதய அறுவையில் இருந்த மகனின் கழுத்திலிருந்து கழற்றிய அந்தோனியார் பதக்கச் சங்கிலியை விரலில் சுற்றியிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். தேநீர் வண்டிக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

"அங்கிள், இதயத்தை நிப்பாட்டிப்போட்டோ தைப்பினம்?"

"ஓம் பிள்ளை. தைச்சு முடியுமட்டும் மெஷின் இரத்தத்தை ஓட்டும்."

நான் ஓய்வுபெற்ற மயக்கமருந்து மருத்துவன். கேட்காததையும் சேர்த்து விளக்கினேன்.

"அந்த நேரம் அவன் எங்க இருப்பான்?"

அறுவை நல்லபடி முடிந்ததென்று தாதி வந்து அவரை அழைத்துப் போனார்.

மறுநாள் பேத்தி அறுவை அறைக்குள் இருந்தாள். கதவு திறந்தது. எழுந்து நின்றேன். தேநீர் வண்டிதான்.